குரங்கை விடுங்கள், புகையானைப் பாருங்கள்

'குரங்கிலேர்ந்து மனுஷன் வந்தான்னா, இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் ஸார் இன்னும் மனுஷனாகலை?'

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் எடுக்கிற எந்த ஆசிரியரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து வரும். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். ஆசிரியருக்கு அப்போது மூன்று வழிகள் உண்டு. 'உக்காருடா' என்று அதட்டலாம். தானும் சிரித்துவிட்டு அடுத்த பாராவுக்குப் போகலாம். அல்லது, இது நல்ல கேள்வி என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லலாம். மூன்றாவது வழியில் போகிறவர்களுக்கு போர்ஷன் முடியாது.

கடைசி பெஞ்ச்சை நாம் கோபிக்க வேண்டாம். 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர்கள் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. 2023ல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'மரபு' ஆகிவிட்டது. சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது. பன்னிரண்டாம் வகுப்பில் பாடம் இருக்கிறது, சரி. ஆனால் அது உயிரியல் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான். மற்ற பிள்ளைகள் இதைக் கேள்விப்படும் கடைசி இடம் பத்தாம் வகுப்பு.

இந்தச் செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். நம் புத்தகத்தில் பாடம் பத்திரமாக இருக்கிறதே! 2019ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனி அத்தியாயமே உண்டு. வைத்திருந்ததற்கு ஒரு சபாஷ்.

ஆனால் புத்தகத்தில் இருப்பது வேறு, தலையில் இருப்பது வேறு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

*

அந்த அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். உயிர் எப்படித் தோன்றியது என்பதற்கு வரிசையாகச் சில கொள்கைகள். பிறகு சான்றுகள். லாமார்க், டார்வின். பிறகு தொல் தாவரவியல். அப்புறம் இனத் தாவரவியல். கடைசியில் வேற்றுக் கிரகத்தில் உயிர் இருக்குமா என்று பார்க்கும் வான் உயிரியல். கல்யாணப் பந்தியில் அவசரமாகப் பரிமாறுகிறவர் மாதிரி எல்லாவற்றையும் இலையில் வைத்தாகிவிட்டது. எது சோறு, எது ஊறுகாய் என்று யாரும் சொல்லவில்லை.

ஊறுகாய்க்கு ஒரு உதாரணம், எர்னஸ்ட் ஹெக்கல். கருவில் வளரும்போது ஒவ்வொரு உயிரும் தன் மூதாதையர்களின் வரலாற்றை மறுபடி நடித்துக் காட்டுகிறது என்ற அவருடைய 'விதி'யைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மீனின் கருவும் கோழியின் கருவும் மனிதக் கருவும் ஆரம்பத்தில் ஒன்றுபோல் இருப்பது உண்மை. அது பொது மூதாதைக்கு நல்ல சாட்சியும்கூட. ஆனால் 'மறுபடி நடிக்கிறது' என்ற விதியை உயிரியலாளர்கள் கைவிட்டு வெகு காலமாயிற்று.

இன்னொரு குறை, இது ஒரே கதை என்பதையே நாம் மறைத்து வைத்திருப்பது. பாறைகள் எப்படி உண்டாகின்றன என்பது ஒன்பதாம் வகுப்பு புவியியலில். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில். டார்வின் பத்தாம் வகுப்பு அறிவியலில். மூன்று பாடம், இரண்டு வருஷம். பூமி மாறியது, பூமி மாறியதால் உயிர்கள் மாறின, அந்த உயிர்களில் ஒன்று கல்லை உடைத்துக் கருவி செய்தது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு பீரியட்கூடக் கிடையாது.

பரீட்சையோ 'கோடிட்ட இடத்தை நிரப்புக' ரகம். லாமார்க்குக்கு ஒட்டகச்சிவிங்கி, டார்வினுக்குக் குருவி. பொருத்தினால் மார்க். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டி அது நீளமாயிற்று என்று லாமார்க் சொன்னதாக எழுதுகிறவனுக்கும் முழு மார்க். அது தப்பு என்று டார்வின் வழியில் எழுதுகிறவனுக்கும் முழு மார்க். எது சரி என்று முடிவு செய்யும் பொறுப்பை இரண்டு பேரிடமும் யாரும் கொடுக்கவில்லை.

*

இதற்கு மேல் நம் மொழியும் கொஞ்சம் சதி செய்கிறது.

'பரிணாமம்' என்று மட்டும் சொன்னால் நமக்குத் திருப்தியில்லை. கூடவே 'வளர்ச்சி' என்று ஒட்டிவிடுவோம். பரிணாம வளர்ச்சி. இன்னும் சில பெரியவர்கள் 'உள்ளது சிறத்தல்' என்று அழகாகத் தமிழ்ப்படுத்தினார்கள். இலங்கைத் தமிழர்கள் 'கூர்ப்பு' என்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு ஏறுமுகம் தெரிகிறதா? மட்டமானது உயர்ந்ததாகிறது, மொண்ணையானது கூராகிறது, கடைசிப் படியில் நாம் பேன்ட் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

அந்தப் படத்தையும் உங்களுக்குத் தெரியும். இடது பக்கம் குனிந்த குரங்கு, அப்புறம் பாதி நிமிர்ந்தது, அப்புறம் முழுக்க நிமிர்ந்த மனிதன், ஒருவர் பின்னால் ஒருவர் ரேஷன் கடை க்யூ மாதிரி நடந்து போவார்கள். 1965ல் ருடால்ஃப் ஸாலிங்கர் என்ற ஓவியர் டைம்-லைஃப் வெளியிட்ட ஒரு புத்தகத்துக்காக வரைந்தது. விளம்பரங்களில், டீ ஷர்ட்டுகளில், மீம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் சொன்ன கடைசி பெஞ்ச் கேள்வி இந்தப் படத்தின் பிள்ளை. க்யூ என்றால் பின்னால் நிற்பவனும் ஒருநாள் கவுன்ட்டருக்கு வர வேண்டுமல்லவா? குரங்கு ஏன் இன்னும் வரவில்லை?

பதிலுக்குத் தமிழில் அருமையான வார்த்தை ஒன்று இருக்கிறது. பங்காளி.

உங்கள் பங்காளி உங்களிடமிருந்து பிறந்தவர் இல்லை. நீங்களும் அவரிடமிருந்து பிறக்கவில்லை. இரண்டு பேருக்கும் மேலே ஒரு பாட்டன் இருந்தார். சொத்து பிரிந்தது, ஒரு கிளை ஊரிலேயே இருந்துவிட்டது, இன்னொன்று பட்டணம் போயிற்று. பட்டணத்துக் கிளை வந்துவிட்டதே, ஊரில் இருப்பவர்கள் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மனிதனும் சிம்பன்ஸியும் சுமார் 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன்னால் பிரிந்த பங்காளிகள். கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் குரங்கு இன்னும் தூரத்துப் பங்காளி. கிராமத்துப் பிள்ளைக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும். அவனுக்குப் பங்காளி சமாசாரம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

*

குரங்கு போகட்டும். உண்மையில் குரங்கை வைத்துப் பாடத்தை ஆரம்பிப்பதே பெரிய தவறு என்பேன். ஆரம்பத்திலேயே மானப் பிரச்னை வந்துவிடுகிறது. புகையானை வைத்து ஆரம்பியுங்கள்.

பட்டணத்து வாசகர்களுக்கு: புகையான் என்பது நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் குட்டியூண்டு பழுப்புப் பூச்சி. முற்றினால் வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோன மாதிரி திட்டுகள் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் மாதிரி ஏரிப் பாசனத்தில் நெல் போடும் ஊர்களில் இதைத் தெரியாத பிள்ளை இருக்காது.

அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள், 'ஏன்டா, போன வருஷம் அடிச்ச அதே மருந்துக்கு இந்த வருஷம் பூச்சி சாகலையாமே?' உடனே பதில் வரும்: 'பூச்சிக்கு மருந்து பழகிடுச்சு ஸார்.'

இந்த 'பழகிடுச்சு'தான் முழு விஷயமும். இது லாமார்க் பேசும் தமிழ். பூச்சி முயற்சி செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகி, தன் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டது என்பதாக அர்த்தம். நடந்தது அதுவல்ல. வயலில் இருந்த கோடிக்கணக்கான பூச்சிகள் எல்லாம் ஒரே அச்சு அல்ல. ஏதோ சிலவற்றுக்கு, மருந்து அடிப்பதற்கு முன்பே, அந்த மருந்தைத் தாங்கும் தன்மை தற்செயலாக இருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றது. தப்பியவை முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் அவற்றின் வாரிசுகளே அதிகம். மறுபடி மருந்து, மறுபடி வடிகட்டல். எந்தப் பூச்சியும் பழகவில்லை. பழகாதவை செத்துப்போயின, அவ்வளவுதான். மருந்துக் கடைக்காரரும் விவசாயியும் சேர்ந்து, தெரியாமலே, தாங்கும் பூச்சிகளைப் பொறுக்கி விதைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு. இதைத்தான் டார்வின் 1859ல் தடிப் புத்தகமாக எழுதினார்.

இது கற்பனை இல்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973ல் ஐ.ஆர்.26 என்று ஒரு ரகத்தை வெளியிட்டது. புகையானை எதிர்க்கும் மரபணு கொண்டது. பேஷ் என்று எல்லோரும் பயிரிட்டார்கள். இரண்டு மூன்று வருஷங்களிலேயே பிலிப்பைன்ஸிலும் இந்தோனேஷியாவிலும் ஐ.ஆர்.26ஐயே ஆனந்தமாக உறிஞ்சும் புகையான் பெருகிவிட்டது. 1976ல் வேறொரு எதிர்ப்பு மரபணுவுடன் ஐ.ஆர்.36 வந்தது. பூச்சிக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. டார்வினை நீக்கிவிட்டு விவசாயம் பார்க்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய செய்முறை விளக்கம் வேண்டியதில்லை.

இதே 'பழகிடுச்சு' ஆஸ்பத்திரியிலும் கேட்கும். 'அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிடுச்சு, இப்ப கேக்கறதில்லை.' ஆன்டிபயாடிக் விஷயத்தில் பழகியது உடம்பு இல்லை. கிருமிக் கூட்டம் மாறிவிட்டது. 1947ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது முதலில் நோயாளிகள் தேறினார்கள். சில மாதங்களில் பலருக்கு மருந்து வேலை செய்யாமல் போயிற்று. தாங்கும் கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகிவிட்டன. அதனால்தான் காசநோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். ஒரு மருந்தைத் தாங்கும் கிருமி, அதே சமயம் மற்றதையும் தாங்குவது அபூர்வம். வீட்டிலேயே வைத்து இந்த சிகிச்சையைத் தரலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான். சேத்துப்பட்டில் இருக்கிறது.

இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவருக்கு நர்ஸம்மா 'கோர்ஸை முடிங்க' என்று திட்டுகிறார். ஏன் முடிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்கும் ஒரே பாடம், பத்தாம் வகுப்பில் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நடத்தி, 'இது இம்பார்ட்டன்ட் இல்லை' என்று தாண்டிப்போன அந்தப் பாடம். பத்தோடு படிப்பை நிறுத்தி வயலுக்கோ கம்பெனிக்கோ போகிற பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கியைவிட இது அவசியம். ஆகவேதான் சொல்கிறேன், பாடம் புத்தகத்தில் இருக்கிறது என்று நாம் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம்.

*

அடுத்த தடை, காலம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் 'போன தீபாவளி' என்பதே பழங்கதை. அவனிடம் போய் 454 கோடி வருஷம் என்றால் கொட்டாவிதான் விடுவான். பூஜ்யங்களை போர்டில் எழுதிக் காட்டிப் பயனில்லை. நடக்க வைக்க வேண்டும்.

உத்திரமேரூரில் இதற்கு அற்புதமான ஒரு ஆரம்பப் புள்ளி இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். தேர்தல், வாரியம், கணக்குக் காட்டாதவனுக்குத் தகுதியில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்றிலிருந்து சுமார் 1,100 வருஷம். இந்த 1,100 வருஷத்தை ஒரு எட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு எட்டுக்கு 70 சென்டிமீட்டர். கோயில் வாசலிலிருந்து பின்னோக்கி நடக்கலாம், வாருங்கள்.

முதல் எட்டு வைத்தாயிற்று, பராந்தகன் காலம். இரண்டரை எட்டில் கீழடி. பத்து எட்டுக்குள் உலகத்தில் விவசாயமே முடிந்துவிடுகிறது. நெல், கோதுமை, ஏர், ஏரி, கோயில், ராஜா, தேர்தல் எல்லாம் அந்த ஏழு மீட்டருக்குள். 270 எட்டு வைத்தால் நம் மனித இனம் ஆப்பிரிக்காவில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

நிற்காதீர்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் ஒரு கல் கிடக்கிறது. அது நம்ம ஊர்க் கல். 1863 மே 30ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றை எடுத்தார். டார்வின் புத்தகம் வந்து நாலே வருஷம். அந்த செப்டம்பரில் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தன. பல்லாவரம், அத்திரம்பாக்கம், உத்திரமேரூர் மூன்றுமே அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு ஜில்லா. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல வருஷம் அகழாய்வு செய்து, அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011ல் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஃபூட் சேகரித்தவை எழும்பூர் மியூசியத்துக்கு 1904லேயே வந்துவிட்டன. அவற்றைச் செய்தவர்கள் நம் இனம் அல்ல. நமக்கு முந்தைய கிளை. பங்காளிகள்தான்.

மேலே நடங்கள். நாலு கிலோமீட்டர் தாண்டினால் நாமும் சிம்பன்ஸியும் பிரிந்த இடம். சுமார் 13 கிலோமீட்டரில் திருவக்கரை மரங்கள் கல்லாகத் தொடங்குகின்றன. 42வது கிலோமீட்டரில், அதாவது காஞ்சிபுரமும் தாண்டி, டைனோசர்கள் அழிகின்றன. 80 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறைகள். இன்றைக்குக் காரும் செல்போனும் செய்கிற இடத்துக்கு அடியில், 12, 13 கோடி வருஷத்துக்கு முந்தைய செடிகளின் இலைத் தடங்கள் பதிந்த பாறை இருக்கிறது. கூடவே கடல் பிராணிகளின் ஓடுகளும். கடல் அங்கே வந்து போயிருக்கிறது. அந்தப் பகுதிகளின் நிலவியலை 1873ல் எழுதி வைத்தவரும் அதே ஃபூட்தான்.

அப்புறம்? கால் வலித்தாலும் நடக்க வேண்டும். சுமார் 1,600 கிலோமீட்டர், குவாலியர் தாண்டி டெல்லிக்குக் கொஞ்சம் முன்னால்வரை போனால், நம் காலடியில் கிடக்கிற கருங்கல் உருவாகிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அந்தக் கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம். பூமி பிறந்த இடத்துக்குப் போக இன்னும் 1,300 கிலோமீட்டர் இருக்கிறது. ஸ்ரீநகரையும் தாண்டிவிடுவோம்.

உத்திரமேரூர் வட்டாரத்துக் கல்குவாரிகளில் இந்த மாதிரிப் பழம்பாறைகளைத்தான் வெடி வைத்து உடைத்து, கிரஷரில் போட்டு முக்கால் இஞ்ச் ஜல்லியாக லாரியில் ஏற்றுகிறோம். ஜல்லியை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் வயதையாவது அந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு எடுக்கலாம்.

*

'ஸார், லேப் இல்லை, மைக்ராஸ்கோப் உடைஞ்சுபோச்சு, இதையெல்லாம் எப்படி நடத்தறது?' என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பரிணாமத்துக்கு அதிக சாமான் தேவையில்லை என்பதுதான் அதன் அழகு.

ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற மகா பெரிய பரிணாம விஞ்ஞானி 1957ல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கே வந்துவிட்டார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே உயிரியலில் நல்ல ஆராய்ச்சி செய்யலாம் என்பது அவர் கட்சி. அவருடன் வேலை செய்த எஸ்.கே.ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். ஆமாம், வெறுமனே எண்ணினார். ஒரே மரத்திலேயே ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று மாறும். விடியற்காலையில் பூ பொறுக்கும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால், 'வேறுபாடு' என்ற சொல்லுக்கு அர்த்தம் ஒரு வாரத்தில் புரிந்துவிடும்.

எல்லா வேறுபாடும் வாரிசுக்குப் போகுமா? அதற்குத் தென்னை. ஓலைகள் சில மரங்களில் வலப்பக்கமாகச் சுழன்று ஏறும், சிலவற்றில் இடப்பக்கமாக. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. டி.ஏ.டேவிஸ் என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்து, இது தாய் மரத்திலிருந்து பிள்ளைக்குப் போவதில்லை என்று 1962ல் எழுதினார். இவரும் ஹால்டேன் ஊக்குவித்தவர்தான். பள்ளிக்குப் போகிற வழியில் எண்ணிக்கொண்டே போகலாம். செலவு, கழுத்து வலி.

லாமார்க் சரியா, தப்பா? வகுப்பில் காது குத்திய பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் குத்தியிருக்கிறதா, பாட்டிக்கு? எத்தனை தலைமுறை? யாராவது ஓட்டைக் காதோடு பிறந்தார்களா? முடிந்தது. ஒட்டகச்சிவிங்கியை ஆப்பிரிக்காவிலேயே விட்டுவிடலாம்.

பூமி எப்படி அடுக்கடுக்காகக் கதை எழுதுகிறது என்பதற்கு உத்திரமேரூர் ஏரியே இருக்கிறது. பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர். கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே வரும். கோடையில் வண்டல் எடுக்கும் இடத்தில், வெட்டிய பள்ளத்தின் பக்கச் சுவரைப் பார்த்தால் ஒரு வெள்ளத்துக்கு ஒரு வரி என்று தெரியும். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. நிலவியலின் முதல் விதியே இதுதான். கிணறு வெட்டுகிறவரைப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். மேல் மண், செம்மண், சுக்கான், அப்புறம் பாறை என்று எந்த ஆழத்தில் எது வரும் என்பதை எந்தப் புத்தகமும் அவரைப்போல் சொல்லாது. நதிகள்கூட இடம் மாறும் என்பதற்குப் பாலாறு. ஒரு காலத்தில் அது வடக்கே கொற்றலை வழியாக ஓடியது என்கிறார்கள் நிலவியலாளர்கள். கொற்றலைக்கு 'விருத்த க்ஷீர நதி', அதாவது கிழப் பாலாறு என்று பழைய பெயரே உண்டு.

*

'இதெல்லாம் சாமி நம்பிக்கைக்கு எதிரா போகாதா?' என்று சிலர் தயங்குவார்கள். வேறு சிலர் தடாலடியாக, 'தசாவதாரத்திலேயே எல்லாம் இருக்கு. மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம், குள்ளன்... டார்வின் காப்பியடிச்சிட்டான்' என்பார்கள். இரண்டுமே பாடத்திலிருந்து நழுவும் வழிகள். மச்சம் குட்டி போட்டுக் கூர்மம் வரவில்லை. அவதாரம் இறங்கி வருவது. பரிணாமம் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வருவது. அதில் வேறுபாடும் இல்லை, வடிகட்டலும் இல்லை. பெருமாளைப் பெருமாளாகச் சேவிக்கலாம், அவரை உயிரியல் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

திருவக்கரைக்குப் போனால் இது நன்றாகப் புரியும். விழுப்புரம் மாவட்டம், உத்திரமேரூரிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே வக்ரகாளியம்மன் கோயில் பிரசித்தம். பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். அதே ஊரில் சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆண்டு வளையம், பட்டை எல்லாம் தெரியும். நம் பத்தாம் வகுப்புப் புத்தகமே இந்தப் பூங்காவைக் குறிப்பிடுகிறது. அந்தக் கற்கள் அம்மனோ பெருமாளோ வதம் செய்த அசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறான கல்லைப் பார்த்து 'இது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது' என்று யாரோ ஒரு கிராமத்து ஆசாமி சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். அசுரனா, மரமா என்பதில்தான் வித்தியாசம். ஆசிரியர் அங்கிருந்து தொடங்கி, 'எலும்பில் வளையம் இருக்குமா?' என்று கேட்டால் மிச்சத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கோயிலுக்கு வருகிற அத்தனை பள்ளி வேன்களில் எத்தனை அந்தக் கல் மரங்கள் வரை போகின்றன என்று யோசியுங்கள்.

*

விமரிசனம் செய்தால் மாற்று சொல்ல வேண்டும் என்பது பத்திரிகை தர்மம். எனவே பாடநூல்காரர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று, ஹெக்கலுக்கு ஓய்வு கொடுங்கள். அவர் இடத்தில் புகையானையும் காசநோய்க் கிருமியையும் வையுங்கள். இரண்டு, புவியியல், வரலாறு, அறிவியல் மூன்றிலும் சிதறியிருக்கும் கதையை ஒரே ஒரு அத்தியாயத்திலாவது கோத்துக் காட்டுங்கள். அந்தந்த மாவட்டத்துக் கல்லையும் ஆற்றையும் வைத்து ஆசிரியரே நிரப்பிக்கொள்ள இரண்டு பக்கம் காலியாக விடுங்கள். மூன்று, 'லாமார்க் கொள்கையை விளக்குக' என்பதற்குப் பதில் ஐந்து மார்க்குக்கு இப்படி ஒரு கேள்வி கேளுங்கள்:

'உங்கள் பக்கத்து வயல்காரர், பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது என்கிறார். அவர் சொல்வதில் எது சரி, எது தவறு? அவர் அடுத்து என்ன செய்யலாம்?'

நோட்ஸில் விடை இருக்காது. பையன் வயலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதிய பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொல்லுவான், அவர் அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும்முன்.